நேற்றே சொல்ல வேண்டிய பஸ்

1

எங்கள் ஊர் ட்ராமுக்குப் போன சனிக்கிழமை ஒரு வயது நிறைந்தது. பிள்ளைக்குக் கொண்டாடுவதுபோல நிறுத்தத்துக்கு நிறுத்தம் பலூன் கட்டியிருந்தார்கள். ஆற்றோர மைதானத்தில் ட்ராம் வடிவத்திலேயே கேக் செய்து வெட்டினார்கள். அன்று முழுவதும் யாருக்கும் டிக்கெட் இல்லை. இலவசம் என்று கேட்டதும் கால் தானாகக் கிளம்பிவிடும் குணம் இத்தனை வருடம் பிரான்ஸில் இருந்தும் என்னை விட்டுப் போகவில்லை. வீட்டுக்காரரை எழுப்பிப் பார்த்தேன், அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நான் மட்டும் போனேன்.

மேயர் பேசினார். புகை குறைந்ததாம், சத்தம் குறைந்ததாம், ஊர் வளர்ந்ததாம். எல்லாம் உண்மைதான், கண்ணால் பார்க்கிறேன். பிறகு அவர் கையை உயர்த்தி எங்கள் மேட்டுப் பக்கம் காட்டினார். அங்கே ஓடும் "அழைத்தால் வரும் வண்டி" பெரிய வெற்றி அடைந்திருக்கிறதாம். மேட்டு மக்கள் புதுமையை வரவேற்றுவிட்டார்களாம். கேட்பவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதால் இன்னும் ஒரு வண்டி விடப்போகிறார்களாம். எல்லோரும் கைதட்டினார்கள். வாயில் கேக் இருந்ததால் நான் கைதட்டவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

அந்த வெற்றி எப்படி வந்தது என்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இலங்கை மலையகத்தில் அட்டன் பஸ்ஸின் படியில் ஒற்றைக் காலில் தொங்கியபடி இதை வாசிக்கப் போகிற உங்களுக்கு அதைச் சொல்லலாம் என்று தோன்றியது. இங்கே சொன்னால் யாருக்கும் புரியாது.

2

நான் இருப்பது பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் ஒரு நடுத்தர நகரம். பெயரைச் சொன்னால் உங்கள் வாயில் நுழையாது, எனக்கே இன்னும் அரைவாசிதான் நுழைந்திருக்கிறது. நாங்கள் வந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இது தூங்குமூஞ்சி ஊர். ஆற்றங்கரையில் மூடிக் கிடந்த நெசவாலைகள், புகை கக்கும் பழைய பஸ்கள், ஆறு மணிக்கே பூட்டிவிடும் கடைகள். அதனால் வாடகை குறைவு. நாங்களும் ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் இருந்தோம்.

பிறகு ட்ராம் வரப்போகிறது என்றார்கள். ஐந்து வருடம் ஊரையே தோண்டிப் போட்டார்கள். நெசவாலைகள் கடைகளாகின. தண்டவாளத்துக்கு நடுவே புல் வளர்த்தார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை, மரங்கள், உட்கார பலகைகள் எல்லாம் வந்தன. ஊர் அழகாகிவிட்டது. அழகானதும் வீட்டுச் சொந்தக்காரன் வந்து வாடகையைக் கூட்டினான். ட்ராம் எங்கள் வாசலுக்கு வருவதற்குள் நாங்கள் மேட்டுக்குப் போய்விட்டோம். துப்புரவு வேலை செய்கிறவர்கள், சமையலறையில் நிற்கிறவர்கள், மொழி சரியாக வராதவர்கள் எல்லோரும் அந்த மேட்டில்தான் இருக்கிறோம். மலையில் பிறந்தவளுக்குக் கடைசியில் மலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேட்டிலிருந்து விடியற்காலையில் ஒரு பஸ் இறங்கும். பதினொன்றாம் நம்பர். அதில் நாங்கள் ஐந்து பேர் ஏறுவோம். மொரோக்கோக்காரி ஃபாத்திமா, போர்த்துக்கலிலிருந்து வந்த மரியா, மடகாஸ்கர் சகோதரிகள் இரண்டு பேர், நான். எல்லோருக்கும் துடைப்பம்தான் தொழில். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வருவதற்குமுன் தரை துடைத்து முடிக்க வேண்டும்.

என் மகள் யாழினி அப்போது நகரத் திட்டமிடல் படித்துக்கொண்டிருந்தாள். யாழினி என்று பெயர் வைத்தது அவளுடைய அப்பா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாஸ்டராக வந்தவர். கொழுந்தினி என்று வைக்கலாம் என நான் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை. படிப்பின் பகுதியாக அவளுக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"அம்மா, விடியக் காலமை அந்தப் பெரிய பஸ்ஸில எத்தினை பேர் வாறனீங்கள்?"

"நாங்க அஞ்சு பேரு."

"அஞ்சு பேருக்காக அவ்வளவு பெரிய பஸ் மலை ஏறி இறங்குது. எவ்வளவு டீசல், எவ்வளவு புகை. அதை நிப்பாட்டிப்போட்டு ஒரு சின்ன வான் விடப்போறம். கரண்ட்ல ஓடுறது. தேவையெண்டால் மட்டும் வரும்."

"தேவைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாள் போன் பண்ணிச் சொன்னால் சரி. அந்த வரைபடத்துக்கு நிறம் தீட்டினது நான்தான் அம்மா."

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்? நல்லது என்றேன். அவள் சொன்னதில் பிழையும் இல்லை. காலி பஸ் புகை கக்கிக்கொண்டு மலை ஏறுவது வீண்தான். ஆனால் "முதல் நாள் சொன்னால் சரி" என்று அவள் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

3

ஏன் இறங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே. பஸ் வரும் ரோட்டுக்கு, நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்து வெகுநேரம் இறங்க வேண்டும், ஏறி வர அதைவிட நேரமாகும். தோட்டத்தில் ஓடியது கொழுந்து ஏற்றும் ஒரே ஒரு லொறி. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றுவதென்றால் அதில்தான். அதற்கும் அலுவலகத்தில் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும்.

நாங்கள் பிரான்ஸுக்கு வருவதற்கு முந்தின வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் அக்கா லெச்சுமிக்கு வலி வந்தது. நாள் இன்னும் இருந்தது, யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா ஓடிப்போய் தோட்ட அலுவலகத்துக் கிளாக்கர் ஐயாவின் கதவைத் தட்டினார். நானும் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"லொறி வேணும்னா நேத்தே சொல்லியிருக்கணும் கறுப்பையா," என்றார் கிளாக்கர் ஐயா. "ட்ரைவர் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டான். சாவி பெரிய தொரை பங்களாவுல இருக்கு."

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வலி இன்னைக்கித்தானுங்க வந்துச்சு."

கிளாக்கர் ஐயா கெட்டவர் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு அவரே பங்களாவுக்கு ஏறினார். தோட்டத்து மேலாளரான தொரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார். தேயிலை ஸ்டோருக்கு முன்னால் லொறி நின்றுகொண்டிருந்தது. நாங்கள் அதைத் தாண்டித்தான் போனோம்.

அக்காவைக் கம்பளியில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்பக்கக் கம்பு அப்பாவின் தோளில். ரோட்டுக்கு வந்தபோது நல்ல காலம், பூண்டுலோயாவிலிருந்து நாவலப்பிட்டிக்குப் போகும் பஸ் வந்தது. பிதுங்கி வழிகிற கூட்டம். கொண்டக்டர் ஒரு பார்வை பார்த்தார், பின்சீட் முழுவதையும் எழுப்பிவிட்டார். சிங்கள ஆட்களும் தமிழ் ஆட்களும் ஒருவர் மடியில் ஒருவர் என்று நெருக்கிக்கொண்டார்கள். அக்காவும் அம்மாவும் அக்காவின் கணவரும் யாழினியோடு நானும் ஏறினோம். அப்பாவுக்கு இடமில்லை.

"நீங்க போங்க, நான் நடந்து வந்துர்றேன்," என்றார்.

அந்த பஸ் அன்றைக்கு எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்களும் மணி அடிக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார் ட்ரைவர். அக்கா பிழைத்தாள். பிள்ளை, ஆண் பிள்ளை, மூச்சில்லாமல் பிறந்தது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. நான் மொழிபெயர்க்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா நடந்து வந்து சேர்ந்தார். செருப்பு அறுந்து கையில் இருந்தது. அதற்குப்பிறகு அவர் எதற்காகவும் யாரிடமும் வாகனம் கேட்கவில்லை. நெஞ்சு வலி வந்தபோதும் நடந்தே மருந்தெடுக்கப் போனார் என்று பின்னாளில் அக்கா சொன்னாள். அவர் இறந்தபோது எங்களிடம் இங்கே தங்குவதற்கான தாள் இல்லை, போக முடியவில்லை.

4

இனி இங்கே வருகிறேன். ட்ராம் ஓடத் தொடங்கிய அதே வாரம் பதினொன்றாம் நம்பர் விடியலில் வருவது நின்றது. பழக்க தோஷத்தில் நாங்கள் ஐந்து பேரும் நிறுத்தத்தில் நின்றோம். புது வான் வந்தது, வெள்ளையும் பச்சையுமாக, சத்தமே இல்லாமல். மேட்டில் இருக்கும் ஒரு ஆஸ்பத்திரித் தாதி அன்றைக்கு அதை அழைத்திருந்தார். அவர் ஏறினார். பின்னால் நாங்கள் ஏறப்போனோம்.

ஓட்டுநர் தாடி வைத்த இளைஞர். எங்கள் பெயரைக் கேட்டார். முன்னாலிருந்த சின்னத் திரையைப் பார்த்தார். இல்லை என்றார்.

"இடம் காலியாகத்தானே இருக்கிறது?" என்றாள் மரியா.

"இருக்கிறது அம்மணி. ஆனால் நேற்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதவர்களுக்கு விபத்துக் காப்புறுதி இல்லை, ஏற்றினால் என் வேலை போய்விடும்."

கதவு மூடியது. காலி இருக்கைகளோடு வான் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மரியா அவளுடைய மொழியில் என்னவோ சொன்னாள், நல்ல வார்த்தையாக இருக்காது. பிறகு ஐந்து பேரும் நடந்தோம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நோயாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள், தரை அழுக்காகவே இருந்தது.

அந்த வாரத்தில் இன்னொரு நாளும் பிந்தினேன். மேற்பார்வை செய்யும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இன்னும் ஒரு தடவை பிந்தினால் மேலே அறிவிக்க வேண்டிவரும், அதற்குப்பிறகு தன் கையில் இல்லை என்றாள். உரத்துக்கூடப் பேசவில்லை. இங்கே இப்படித்தான், வேலையைப் பறிப்பதானாலும் மரியாதையாகப் பறிப்பார்கள்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். ஆனால் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் கிடந்தது. நிரந்தர வேலை இருப்பதாகக் காட்ட வேண்டும். வீட்டுக்காரர் சமைக்கிற உணவகம் இரண்டு தடவை மூடித் திறந்துவிட்டது, அவருடையதைக் காட்ட முடியாது. ஆக முழுக் குடும்பத்தின் விண்ணப்பமும் என் துடைப்பத்தில்தான் தொங்கியது. எத்தனை வருடம் எத்தனை வரிசையில் நின்று எத்தனை பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துக் கொடுத்தோம் என்பதை எழுதினால் நீங்கள் பத்திரிகையை மூடிவிடுவீர்கள். சொல்ல வந்தது இதுதான்: இன்னொரு நாள் பிந்தினால் எல்லாம் முதலிலிருந்து.

"இஞ்சேரும், ஒரு போன்தானே? எடுத்துச் சொல்லிப்போட்டு வானில போமன்," என்றார் வீட்டுக்காரர்.

"நீங்களே எடுத்துப் பேசுங்களேன் மாஸ்டர்."

எடுத்தார். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று இயந்திரம் சொல்லியது, அமுக்கினார். ஓசை கேட்டதும் பெயரும் நிறுத்தமும் சொல் என்றது. அவர் மாஸ்டர் அல்லவா, முதலில் வணக்கம் சொன்னார். பிறகு தன் மனைவி ஆஸ்பத்திரியில் வேலை செய்வதையும் அது எவ்வளவு பொறுப்பான வேலை என்பதையும் விளக்கத் தொடங்கினார். என் பெயருக்கு வருவதற்குள் இயந்திரம் வைத்துவிட்டது. இரண்டாம் தடவையும் வைத்துவிட்டது. மூன்றாம் தடவை அவரே வைத்துவிட்டார்.

நானே எடுத்திருக்கலாம். ரிசீவரைக் கையில் எடுத்தும் இருக்கிறேன். அந்தக் குரல், பெண் குரல், இனிமையாகத்தான் சொல்லும்: உங்கள் பயணத்துக்கு முந்திய நாளே சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு வருவது கோபமா அழுகையா என்று தெரியாது. கீழே வைத்துவிடுவேன். யாழினியிடம் சொல்லியிருக்கலாம். அவள் நிறம் தீட்டிய வரைபடத்தில் உன் அம்மா ஏற முடியாமல் நிற்கிறாள் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

5

அப்போதுதான் நான் ஒரு யோசனை செய்தேன். தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியும். ஃபாத்திமாவுக்கும் மரியாவுக்கும் விளக்க வேண்டியிருந்தது. விடியலில் எல்லோரும் வந்து களத்தில் வரிசையாக நிற்பார்கள், நிற்கிறவர்களை எண்ணி வேலை பிரிப்பார்கள், வந்து நின்றவளுக்கு அன்றைக்குப் பெயர் உண்டு, வராதவளுக்கு இல்லை என்றேன். நாமும் அப்படி நிற்போம். தினமும் ஐந்து பேர் நிற்பதை அவர்கள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பார்ப்பார்கள், எண்ணுவார்கள். எண்ணினால் வண்டி வரும்.

மரியாவுக்கு அது உடனே பிடித்தது. "இருபது வருடம் தானாக வந்த பஸ்ஸை நான் ஏன் கெஞ்சிக் கூப்பிட வேண்டும்?" என்பது அவளுடைய கட்சி. ஃபாத்திமாவுக்குப் போனில் பேசுவதைவிட நிற்பது மேல். சகோதரிகள் மற்றவர்கள் செய்வதைச் செய்வார்கள்.

ஆகவே இன்னும் முந்தி எழுந்தோம். நிறுத்தத்தில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே வரிசையாக நிற்போம். கம்பத்தில் ஒரு கமரா இருந்தது, அதன் கண்ணில் படட்டும் என்று நேராக நிற்கச் சொல்லுவேன். வான் வருகிற நேரம் வரும், வான் வராது. பிறகு பிந்தாமல் போய்ச் சேர வேகமாக இறங்குவோம். மழையிலும் நின்றோம், பனி கொட்டும்போதும் நின்றோம். முழங்கால் வீங்கியது. தரை துடைக்கும்போது குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. குளிர்காலம் முழுவதும் இப்படியே போனது. வேலை மட்டும் தப்பி நின்றது.

கமரா எதிரே இருந்த கார் தரிப்பிடத்தைப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

6

பனி கரையும் சமயத்தில் யாழினி ஒரு வார இறுதியில் வந்தாள். பயிற்சி தொடங்கியதிலிருந்து அவள் கீழே ஊருக்குள் சிநேகிதிகளோடு ஒரு அறையில் இருந்தாள். வருவது குறைந்துவிட்டது, வந்தாலும் அரைவாசி நேரம் பிரெஞ்சில் போன் பேசுவாள். அன்றைக்கு முகம் தொங்கிப் போயிருந்தது.

"மேட்டு வானை நிப்பாட்டப் போயினம் அம்மா. ஒருத்தரும் கேக்கேல்லையாம். மேட்டுச் சனத்துக்குத் தேவையில்லை எண்டு முடிவெடுத்திட்டினம்."

"யாரு சொன்னா தேவையில்லைன்னு? நாங்க அஞ்சு பேரும் தெனமும் வந்து நிக்கிறோமே."

"எங்க நிக்கிறீங்கள்?"

"ஸ்டொப்புலதான். வரிசையா. குளிரு முழுக்க நின்னோம்."

அவளுக்கு விளங்க நேரமெடுத்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள். "போன் பண்ணாமல் நிண்டால் ஆருக்கம்மா தெரியும்?"

நின்றால் தெரியும் என்றுதான் நான் பிறந்த நாளிலிருந்து கற்றிருந்தேன். இங்கே நாங்கள் நின்ற ஒவ்வொரு நாளும் அந்த அலுவலகத்தில் பூச்சியமாக விழுந்திருக்கிறது. எங்கள் காலாலேயே எங்கள் வண்டியை நிறுத்தப் பார்த்திருக்கிறோம். அவமானமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, அதைவிட அதிகமாக அலுப்பு வந்தது. சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள்.

லொறியின் கதையை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். என் இடுப்பில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தவள் அவள், ஒன்றும் நினைவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை, என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடியலில் அவள் எங்களோடு வந்து கம்பத்தின் கீழே நின்றாள். மெல்லிய சப்பாத்தோடு கீழே வரை நடந்தாள். அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். கவனத்தில் எடுக்கிறோம், ஆனால் பதிவுகளை வைத்துத்தான் முடிவு என்றார்களாம். "அப்ப பதிவு காட்டுவம்," என்று என்னிடம் சொன்னாள். அந்த வான் வண்டியில் அவளுக்கு நம்பிக்கை குறையவில்லை, இன்றைக்கும் குறையவில்லை. அது அவளுடைய கருத்து. அன்று மாலை அவளே போன் எடுத்து ஐந்து பெயர்களையும் இயந்திரத்துக்குச் சொன்னாள். மறுநாள் வான் வந்து நின்றது, கதவு திறந்தது, ஓட்டுநர் திரையைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார், நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். உள்ளே சூடாக இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அவள்தான் சொல்கிறாள். வானை நிறுத்தும் பேச்சு நின்றுபோனது.

7

அக்காவிடம் இதைச் சொன்னேன். இப்போது லயத்திலேயே போன் வந்துவிட்டது, கூப்பிட்டால் அடுப்படியிலிருந்தே பேசுகிறாள். அவளுடைய மூத்த மகன் ஆட்டோ ஓட்டுகிறான். அட்டனில் பஸ் நிலையத்துப் பக்கம் போனால் திரும்பி வர அரை நாளாகிறதாம், அவ்வளவு வான், அவ்வளவு ஆட்டோ, புதிது புதிதாகக் கட்டிடம். தோட்டத்து ரோடு மட்டும் அப்படியே கிடக்கிறதாம்.

"ஒங்க ஊருல ட்ராம் வந்துருச்சாம்ல, இங்க பேப்பர்ல ஒண்ணும் போடலியே?" என்றாள்.

"எங்க ஊரு ட்ராமை அங்க யாரு போடுவா? நீ கேளு." என்று வான் கதையைச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"அங்கயும் நேத்தே சொல்லணுமா?"

"ஆமாக்கா."

"ஒனக்காக யாரு சொல்றா?"

"யாழினி."

"அன்னைக்கி ஒன் இடுப்புல இருந்துச்சே, அந்தப் புள்ளையா?"

"அதேதான்."

"அப்ப சரி," என்றாள் அக்கா. அரிசி விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

8

படிப்பு முடிந்ததும் யாழினிக்கு வடக்கே ஒரு நகரத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் ட்ராம் போடுகிறார்களாம். போகும்போது ஒரு பெட்டிதான் எடுத்துப் போனாள். எங்களோடு பேசுவது வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை. அதுவும் சில வாரம் தவறும். ஆனால் எங்கள் ஊர் இயந்திரத்தோடு தினமும் பேசுகிறாள். பேசி முடித்ததும் எனக்கு ஒரு செய்தி வரும். பிரெஞ்சு எழுத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்: போட்டாச்சு. அந்தச் சொல்லைப் பார்த்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை செய்தி வரவில்லை. வேலை புதிது, மறந்திருப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து பேரும் நின்றோம், வான் வரவில்லை, நடந்தோம். பழைய முழங்கால் பழைய கதையைப் பேசியது. நான் ஓடாத குறையாகப் போய்ச் சேர்ந்தபோது மேற்பார்வைப் பெண் மணியைப் பார்த்தாள், என் நனைந்த காலைப் பார்த்தாள், எதையோ எடுக்கப் போகிறவள்போல உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் அம்மா இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை யாழினி கூப்பிட்டாள்.

"அம்மா, வியாழக்கிழமை நான் சொல்ல மறந்திட்டன். இப்பத்தான் நினைவு வந்தது. வான் வந்ததோ?"

"வந்துச்சும்மா."

"உண்மையாவோ?"

"ட்ரைவருக்குத்தான் எங்களைத் தெரியுமே. வந்துச்சு."

அவள் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. நான் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்காதீர்கள். உண்மையைச் சொன்னால் அவள் அந்த வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுவாள், கெட்டிக்காரி, ஒரு வழி கண்டுபிடிப்பாள். பிறகு தினமும் எனக்கு அந்தச் சொல் வராது.

ஆனால் இன்னொரு வெள்ளிக்கிழமையைத் தாங்க என் வேலைக்கும் தெம்பில்லை, விண்ணப்பத்துக்கும் தெம்பில்லை. மறுநாள் மாலை ரிசீவரை எடுத்தேன். இரண்டு பதிவில் ஒன்று தவறினாலும் வண்டி வந்துவிடும், வந்தால் ஓட்டுநரிடம் பேசிக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஒன்றை அமுக்கினேன், மூன்றை அமுக்கினேன். முந்திய நாளே சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லடி என்று காத்திருந்தேன். ஓசை கேட்டது.

யாழினி சொல்வது வீட்டுக்காரர் பெயரோடு சேர்ந்த என் பெயர். அதையே நானும் சொன்னால் இரண்டில் ஒன்றை வெட்டிவிடுவார்கள். எனக்கு இங்கே இன்னொரு பெயரும் இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்தில் பிறந்த வீட்டுப் பெயர்தான் எழுத வேண்டும் என்று அப்பாவின் பெயரை என் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னேன்.

"கறுப்பையா. மேட்டு நிறுத்தம். விடியல் வண்டி."

ரிசீவரை வைத்துவிடாமல் சொல்லி முடித்தேன். பதிவாகிவிட்டது, நன்றி என்றது இயந்திரம்.

மறுநாள் ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்தோம். ஓட்டுநர் திரையைப் பார்த்தார், எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் ஒருவர் வர வேண்டுமே," என்றார். அப்பாவின் பெயரை அவர் வாசித்த விதத்தில் அப்பாவே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

நான்தான் அது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவர் நடந்து வருகிறார்," என்று வந்தது.

தாடிக்கார இளைஞர் கண்ணாடியில் பாதையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். நிறுத்தத்தில் யாரும் இல்லை. பிறகு கதவை மூடினார்.

சொல்லிவிட்டு வராதவர்களின் பெயரை அழித்துவிடுவார்கள் என்பது விதி. நான் தினமும் மாலையில் சொல்கிறேன், இத்தனை மாதமாகியும் அந்தப் பெயர் அழியவில்லை. ஓட்டுநர் திரையில் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் இப்போது கேட்பதில்லை. எங்கள் கூட்டத்தைப் பார்த்து மேட்டில் இன்னும் சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள், வான் நிறைகிறது. மேயர் கைதட்டு வாங்கிய எண்ணிக்கையில் அவர்களும் உண்டு, தினமும் நடந்து வருகிறவரும் உண்டு. வான் எவ்வளவு நிறைந்தாலும் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கும், அது கேட்டு வாங்கிய இடம்.

வாங்கப்பா, உட்காருங்க. நேத்தே சொல்லிட்டேன்.